குட்டியானைக்கு ஒரு கழுவு பம்பு

தக்காளி ஏற்றிய வண்டியை அன்றைக்கே கழுவிவிட வேண்டும். மறுநாளுக்கு விட்டால் சாறு காய்ந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். தக்காளியின் புளிப்பு பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்துத் துருவைக் கிளப்பும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, அடுத்த வாடகை பூவா, வெங்காயமா, ஆடா என்று தெரியாமல் நிற்கிற குட்டியானைக்காரர் எவருக்கும் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தும் கழுவுவது தள்ளிப்போவதற்குக் காரணம் உண்டு. வாட்டர் சர்வீஸுக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் கழுவலாம் என்றால் திண்டுக்கல் பக்கம் தண்ணீரே ஒரு பிரச்சினை.

வண்டியின் பேட்டரியிலேயே ஓடும் 12 வோல்ட் பம்பு ஒன்று, 50 லிட்டர் கேன் ஒன்று, கொஞ்சம் ஹோஸ், ஒரு கன். இவற்றைக் கொண்டு எங்கே நிறுத்தினாலும் வண்டியைக் கழுவிக்கொள்ளும் ஏற்பாட்டை இந்த அத்தியாயத்தில் செய்யப் போகிறோம். கடலோரத்தில் சின்ன ஃபைபர் படகுகளின் தளத்தைக் கழுவ வைத்துக்கொள்வதும் இதே ஏற்பாடுதான். அவர்களுக்குக் கடலே தொட்டி. நமக்குத் தொட்டியையும் சுமக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு அரை நாள் வேலை. செலவை ரூ.3,000-க்குள் முடிப்பது நம் இலக்கு.

எதை எதிர்பார்க்கலாம்

வாட்டர் சர்வீஸ் கடையில் சேற்றைச் சீவி எடுக்கும் மெஷினின் அழுத்தம் 100 பாருக்கு மேல் போகும். நம் பம்பு தருவது 4 முதல் 7 பார், அதாவது 60 முதல் 100 பி.எஸ்.ஐ. காய்ந்து இறுகிய சேற்றை இது பெயர்க்காது. ஈரமாக இருக்கும் சாறு, இலை, வெங்காயத் தோல், மண், ஆட்டுப் புழுக்கை ஆகியவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். காய்கறி வண்டிக்கு அது போதும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். நல்ல டயஃப்ரம் பம்பு நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும். குட்டியானையின் லோடு தளம் ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். முறையாகப் பெருக்கிவிட்டுக் கழுவினால் கன் திறந்திருக்கும் நேரம் 6 நிமிடத்தைத் தாண்டாது. ஆக 30 லிட்டர். பக்கத் தகடு, பின் டோர், டயர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கேனில் முடியும். வீட்டு மோட்டாரில் ஹோஸைச் சொருகி விட்டால் நாம் துடைப்பத்தைத் தேடுவதற்குள் அந்த 30 லிட்டர் ஓடிப்போயிருக்கும்.

வாங்க வேண்டியவை

எல்லாமே விவசாயக் கருவிக் கடையிலும், ஆட்டோ எலக்ட்ரிகல் கடையிலும், ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். திண்டுக்கல்லில் இந்த மூன்றுக்கும் அலைய வேண்டியதில்லை.

1. 12 வோல்ட் டயஃப்ரம் பம்பு. பேட்டரி ஸ்ப்ரேயருக்கு ஸ்பேர் மோட்டாராக விற்பதே போதும். நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கன்னை மூடினால் தானாக நின்றுவிடும் பிரஷர் சுவிட்ச் அதிலேயே இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

2. 50 லிட்டர் பிளாஸ்டிக் கேன். உயரமானதைவிட அகலமானது நல்லது, வளைவில் சாயாது.

3. கேனில் பொருத்த அரை அங்குல டேங்க் நிப்பிள், பால் வால்வு.

4. கண்ணாடி மூடி போட்ட சல்லடை ஃபில்டர். உள்ளே அழுக்கு சேர்வது வெளியிலிருந்தே தெரியும்.

5. உறிஞ்சும் பக்கத்துக்கு நூல் பின்னிய கெட்டி ஹோஸ், அரை அங்குலம், ஒரு மீட்டர்.

6. வெளியேறும் பக்கத்துக்கு 8.5 மி.மீ. ஸ்ப்ரே ஹோஸ், 6 மீட்டர். அதற்குப் பொருந்தும் டிரிகர் கன்.

7. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், சிவப்பும் கறுப்பும், வண்டியில் அளந்து பார்த்த நீளத்துக்கு.

8. பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர், ஃப்யூஸ்கள், வாகனத்துக்கான 12 வோல்ட் சுவிட்ச், தண்ணீர் புகாத இரட்டை கனெக்டர்.

9. ஸ்டீல் கிளாம்ப்கள், டெஃப்லான் டேப், வயருக்கு மேல் போட நெளி பைப், கேபிள் டை, ரப்பர் கிராமெட், கேனைக் கட்ட இழுத்துப் பூட்டும் பெல்ட்.

காசு இடிக்கிறதா? பம்பில் மிச்சம் பிடியுங்கள். கன்னிலும் பிடிக்கலாம். 7, 8-ம் எண்களில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காதீர்கள். விலை குறைந்த பம்பு கெட்டால் வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். விலை குறைந்த வயர் சூடானால் வண்டியே போய்விடும்.

பழைய ஸ்ப்ரேயரைத் தொடாதீர்கள்

வீட்டில் ஒரு பழைய பேட்டரி ஸ்ப்ரேயர் கிடக்கும். அதன் மோட்டாரையே கழற்றிப் போட்டால் காசு மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். தோட்டத்தில் மருந்தடித்த பம்பின் டயஃப்ரமும் வால்வும் ரப்பர். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அதில் ஊறியிருக்கும். பத்து முறை அலசினாலும் முழுசாகப் போய்விட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. நாளைக்கு அதே தளத்தில் கொத்தமல்லிக் கட்டு ஏறப்போகிறது. நிலக்கோட்டை மல்லிகை மூட்டையும் ஏறும். மருந்து வந்த கேன், கெமிக்கல் வந்த நீல டிரம் இரண்டுக்கும் இதே விதிதான். எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். சமையல் எண்ணெய் வந்த கேன் என்றால் சோப்பு போட்டுக் கழுவிப் பயன்படுத்தலாம்.

இடம் பார்ப்பது

எதையும் துளையிடும் முன் எல்லாவற்றையும் தளத்தில் வைத்துப் பாருங்கள். கேன் கேபினை ஒட்டி, தளத்தின் முன்மூலையில் இருக்கட்டும். பின்பக்கம் வைத்தால் ஏற்றி இறக்க இடைஞ்சல். பிரேக் அடிக்கும்போது 50 கிலோ முன்னால் பாயவும் செய்யும். முன்பலகையில் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் கேன் எங்கும் பாயாது.

50 லிட்டர் தண்ணீர் என்பது 50 கிலோ எடை. 14 கிலோ தக்காளிப் பெட்டிக் கணக்கில் மூன்றரைப் பெட்டி. அந்த எடையும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பாரக் கணக்கில் சேரும். அதனால் லோடோடு போகும்போது கேன் காலியாகவே போகட்டும். இறக்கிய இடத்தில் தண்ணீர் கிடைத்தால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

பம்பைக் கேனுக்குப் பக்கத்திலேயே, முன்பலகையில், லோடு இடிக்காத உயரத்தில் பொருத்துங்கள். படுக்கை வசமாகவோ, மோட்டார் மேலும் தண்ணீர்த் தலை கீழுமாக நிற்கும்படியோ வைக்கலாம். தலை மேலே இருக்கும்படி மட்டும் வைக்கக் கூடாது. என்றைக்காவது டயஃப்ரம் கசிந்தால் தண்ணீர் நேரே மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

எச்சரிக்கை: சேஸிஸில் துளை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். அது சட்டச் சிக்கலும்கூட. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. பம்பை ஒரு பிளைவுட் பலகையில் பொருத்தி, அந்தப் பலகையை முன்பலகைக் கம்பிகளில் யு போல்ட் போட்டு மாட்டினால் துளையும் வேண்டாம், நினைத்தபோது கழற்றவும் முடியும்.

தண்ணீர்ப் பக்கம்

1. கேனின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிப்பிளுக்குத் துளை போடுங்கள். அடியோடு ஒட்டிப் போட்டால் கீழே தங்கும் மண்ணையும் சேர்த்து இழுக்கும். இரண்டு வாஷரில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

2. நிப்பிளில் பால் வால்வை மாட்டுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வந்துவிடும்.

3. வால்வு, ஃபில்டர், பம்பு என்ற வரிசையில் கெட்டி ஹோஸால் இணையுங்கள். ஃபில்டரில் உள்ள அம்புக்குறி பம்பைப் பார்த்து இருக்க வேண்டும். ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

4. ஒவ்வொரு முனையிலும் கிளாம்ப். உறிஞ்சும் பக்கத்தில் முடிந்தால் இரண்டிரண்டு. இந்தப் பக்கம் கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு என்பதால்தான் பலர் இங்கே ஏமாந்து, நல்ல பம்பைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள்.

5. வெளியேறும் பக்கம் ஸ்ப்ரே ஹோஸும் கன்னும். ஹோஸைச் சுருட்டி மாட்ட ஒரு கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் போட்டால் பெட்டி ஏறி நசுங்கும்.

6. கேன் மூடியில் ஒரு சின்னத் துளை போடுங்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் கேன் ஒடுங்கும், தண்ணீரும் பாதியில் நின்றுபோகும்.

குறிப்பு: உறிஞ்சும் பக்கத்துக்குச் சாதாரணத் தோட்ட ஹோஸைப் போடாதீர்கள். வெயிலில் இளகி, பம்பு இழுக்கும் இழுப்பில் சப்பையாகிவிடும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் இது நடந்தே தீரும்.

மின்சாரப் பக்கம்

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அந்தத் தைரியத்தில்தான் பலர் அசட்டையாக வயர் இழுக்கிறார்கள். ஆனால் ஃப்யூஸ் இல்லாத வயர் ஒன்று தகட்டில் உரசித் தோல் போனால், பேட்டரி தன் முழுச் சக்தியையும் அதில் கொட்டும். சில நொடிகளில் வயர் சிவக்கும். பக்கத்தில் டீசல் குழாய் போகிறது.

வயர் ஏன் தடிமனாக வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. பேட்டரியிலிருந்து பம்புக்கு 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர், பம்பு இழுப்பது 7 ஆம்பியர் என்று வையுங்கள். 1 சதுர மி.மீ. வயர் போட்டால் வழியிலேயே 1 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 போட்டால் 0.4 வோல்ட்தான் போகும். வோல்ட் குறைந்தால் மோட்டார் திணறும், சூடாகும், ஆயுள் குறையும்.

தொடங்கும் முன் இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு டயருக்குக் கல் வையுங்கள். மோதிரம், இரும்பு வாட்ச் பட்டையைக் கழற்றுங்கள். பேட்டரி அருகே பீடி, சிகரெட் கூடாது. சார்ஜாகும்போது அதிலிருந்து வருவது தீப்பற்றும் ஹைட்ரஜன்.

1. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸில் தொடங்கினால் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும்.

2. பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் ஹோல்டரை வையுங்கள். பம்புக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைப்பது பரவலான தவறு. ஃப்யூஸ் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் உள்ள வயரைத்தான். நடுவில் உள்ள நாலு மீட்டர் காவலில்லாமல் கிடக்கும்.

3. இப்போது ஃப்யூஸைப் போடாதீர்கள். ஹோல்டர் காலியாகவே இருக்கட்டும்.

4. சிவப்பு வயரை ஹோல்டரிலிருந்து சுவிட்சுக்கும், அங்கிருந்து பம்புக்கும் கொண்டுபோங்கள். கறுப்பு வயரைப் பம்பிலிருந்து நேராகப் பேட்டரி மைனஸுக்கு இழுங்கள். பாடியில் எர்த் கொடுத்தாலும் ஓடும். ஆனால் நாம் தினமும் தண்ணீர் அடிக்கப்போகிற தகடு அது. ஒரே மழைக்காலத்தில் அந்த நட்டு துருப்பிடித்துத் தொடர்பு போய்விடும்.

5. வீட்டுச் சுவரில் போடும் சுவிட்சைப் பயன்படுத்தாதீர்கள். அது ஏ.சி. மின்சாரத்துக்குச் செய்தது. டி.சி.யில் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும், அணைத்தாலும் அணையாது.

6. வயர் முழுவதையும் நெளி பைப்புக்குள் விட்டு, ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போடுங்கள். சைலன்சர், சுழலும் ஷாஃப்ட், டீசல் குழாய், பிரேக் குழாய் நான்கையும் விட்டு விலக்கிக் கொண்டுபோங்கள். தகட்டுத் துளை வழியாக நுழையும் இடத்தில் கிராமெட் கட்டாயம்.

7. பம்பை ஒட்டி இரட்டை கனெக்டரைப் போடுங்கள். பின்னால் பம்பைக் கழற்றும்போது வயரை வெட்ட வேண்டியிருக்காது.

8. முனைகளை லக்கு போட்டு அழுத்திப் பிடியுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது தண்ணீர் படும் இடத்தில் நிற்காது.

9. பிளஸ் முனையை மாட்டுங்கள். பிறகு மைனஸ். கடைசியாக ஃப்யூஸ். பம்பின் லேபிளில் 5 ஆம்பியர் என்றிருந்தால் 7.5, 7 என்றிருந்தால் 10. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 20-ஐ எடுத்துச் சொருகுவது, கொட்டாத தேளைத் தேடிப் போய் மிதிப்பது மாதிரி.

சி.என்.ஜி. வண்டி வைத்திருப்பவர்கள் மின்சாரப் பக்கத்தை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. மின்சாரக் குட்டியானை என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கில்லை. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியைப் பெட்டியில் வைத்துப் பம்பை ஓட்டிக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம்

கேனில் பத்து லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வால்வைத் திறந்து, கன்னையும் திறந்து பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். முதலில் காற்று சீறும், அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வரும். வராவிட்டால் உடனே அணைத்துவிட்டு உறிஞ்சும் பக்கத்தைச் சோதியுங்கள்.

தண்ணீர் சீராக வந்தபின் கன்னை மூடுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். நின்றபின் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். மூடிய கன்னோடு மோட்டார் அவ்வப்போது தானாக உறுமி எழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் இருந்தால் பம்பு ஓடும்போது பேட்டரி முனையிலும் பம்பு முனையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஏதோ ஒரு லக்கு சரியாகப் பிடிக்கவில்லை. கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் குற்றவாளி.

கழுவும் வரிசை

பம்பு வந்துவிட்டது என்ற உற்சாகத்தில் நேரே தண்ணீரை அடிப்பார்கள். குப்பையெல்லாம் ஊறி மூலைக்குப் போய், வடிகால் துளைகளை அடைத்துக்கொள்ளும். பாதி வேலை துடைப்பத்துடையது. பம்பு கடைசியில் வந்து முடித்துக்கொடுக்கும், அவ்வளவே.

1. வண்டியின் முகம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். தண்ணீர் தானாகப் பின் டோர் பக்கம் போகும்.

2. காய்ந்தபடியே பெருக்குங்கள். தோல், இலை, நசுங்கிய காய் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொள்ளுங்கள். மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகட்டும், சாக்கடைக்கு வேண்டாம்.

3. மூலைகளிலும் வடிகால் துளைகளிலும் குச்சியை விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள்.

4. கன்னை விசிறி மாதிரி விரியும்படி வைத்துத் தளத்தை நனைத்துவிட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும். இந்த ஐந்து நிமிடம் பத்து லிட்டரை மிச்சப்படுத்தும்.

5. நீளக் கைப்பிடி பிரஷால் தேய்யுங்கள். வாழைத்தார் ஏற்றிய நாளில் சோப்பு வேண்டும், வாழைக்கறை வெறும் தண்ணீருக்கு அசையாது.

6. முன்பலகை, பக்கத் தகடு, தளம் என்று மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாக அடித்து முடியுங்கள்.

7. பின் டோரைத் திறந்தபடியே காய விடுங்கள். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடினால் நாற்றமும் துருவும் சேர்ந்து வரும்.

கூடுமானவரை தரையில் நின்றே கழுவுங்கள். நனைந்த தகட்டின் மேல் சோப்பு நுரையோடு நிற்பது இந்த வேலையிலேயே ஆபத்தான பகுதி. ஏறியே ஆக வேண்டுமென்றால் பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போடுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இஞ்சின், ஃப்யூஸ் பெட்டி, பேட்டரி முனைகள், ஏர் ஃபில்டர் பக்கம் கன்னைத் திருப்பாதீர்கள்.

குளத்திலும் வாய்க்காலிலும் வண்டியை இறக்கிக் கழுவும் பழக்கம் இன்னும் போகவில்லை. டீசலும் கிரீஸும் கலந்த அந்தத் தண்ணீரைத்தான் பக்கத்தில் மாடு குடிக்கிறது. கேன் உங்கள் கையோடு இருக்கும்போது அந்த அவசியமே இல்லை.

ஆடு ஏற்றிய நாள்

அய்யலூர் சந்தையிலிருந்து ஆடு ஏற்றி வந்தவர்களுக்கு மேலே சொன்னதோடு இன்னொரு வேலையும் உண்டு. கோமாரி போன்ற நோய்கள் சாணத்தோடும் சிறுநீரோடும் அடுத்த லோடு ஆட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்து, வாளியிலும் பிரஷிலும் தளம் முழுக்கப் பூசி, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். கையுறை போடுங்கள், கண்ணில் தெறிக்கவிடாதீர்கள். தளத்தில் அலுமினியத் தகடு போட்டிருந்தால் அதிக நேரம் விடாதீர்கள், சோடா அலுமினியத்தை அரிக்கும்.

பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துகிறவர்கள் அதோடு ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். சோடாவோ பவுடரோ எதையும் கேனில் ஊற்றாதீர்கள். கேனுக்குள் தண்ணீர் தவிர வேறெதுவும் போகக் கூடாது.

நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

திண்டுக்கல் நகருக்கு ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகின்றன. அதை வண்டி கழுவச் செலவழிக்க எவருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. கழுவுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். தோல் பதனிடும் ஆலைகள் இருந்த பகுதிகளில் போர் தண்ணீரின் உப்பு இன்னும் கூடுதல். அந்தப் பகுதித் தண்ணீரைக் காய்கறி ஏற்றும் தளத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

மற்ற இடங்களில் உப்புத் தண்ணீரால் தளத்தைக் கழுவலாம். படகுக்காரர்கள் கடல்நீரில் தளம் கழுவிவிட்டுக் கடைசியில் பம்பில் நல்ல தண்ணீர் விட்டு அலசுவார்கள். நாமும் அதைச் செய்யலாம். வாரம் ஒரு முறை ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரைக் கேனில் ஊற்றிப் பம்பு வழியாக வெளியேற்றுங்கள். மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதற்கே அது போதும். கன் முனையில் வெள்ளையாகப் படிந்தால் கழற்றி, எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறப்போடுங்கள். ஊசியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி விசிறி கோணலாகும்.

கோளாறு பார்ப்பது

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: பால் வால்வு திறந்திருக்கிறதா, ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்ததா என்று இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் ஃபில்டர் மூடியோடு முடிந்துவிடும்.

கன்னைத் திறந்தால் மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறது: கன் முனை மிகச் சின்னது, பம்பு தரும் தண்ணீரை அது வாங்கவில்லை. பெரிய துளை முனையை மாற்றுங்கள். பிரஷர் சுவிட்சில் உள்ள திருகை முறுக்கிச் சரிசெய்யலாம் என்று சொல்வார்கள். அளவு தாண்டினால் மோட்டார் நிற்காமல் ஓடி ஹோஸ் பிய்த்துக்கொள்ளும்.

கன்னை மூடினாலும் நிற்கவில்லை: கசிவு, அல்லது வால்வில் மண், அல்லது வோல்ட் குறைவு. கடைசியாகச் சொன்னதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வோல்ட் குறைந்தால் சுவிட்ச் அணையும் அளவுக்கு அழுத்தத்தை ஏற்ற மோட்டாரால் முடியாது.

ஃப்யூஸ் போகிறது: ஒருமுறை போனால் மாற்றுங்கள். மறுபடி போனால் நிறுத்தி, வயர் எங்கே உரசுகிறது என்று முழு நீளமும் பாருங்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: ராத்திரி சுவிட்சை அணைக்க மறந்திருப்பீர்கள். பத்து நிமிடம் கழுவினால் பேட்டரியிலிருந்து 1 ஆம்பியர்-மணி அளவுக்குத்தான் செலவாகும், அதனால் ஒன்றும் ஆகாது. கன் மூடியிருந்தும் சொட்டுச் சொட்டாகக் கசிந்து ராத்திரி முழுக்கப் பம்பு எழுந்து எழுந்து ஓடினால்தான் பேட்டரி இறங்கும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரோடு சுவிட்சை இணைத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எஃப்.சி.க்குப் போகும் நாள்

கனெக்டரைப் பிரியுங்கள். யு போல்ட்டுகளைத் தளர்த்திப் பலகையோடு பம்பை எடுங்கள். பெல்ட்டை அவிழ்த்துக் கேனை இறக்குங்கள். பேட்டரி பக்கத்து ஃப்யூஸையும் உருவி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். வண்டியில் மிஞ்சுவது மின்சாரம் இல்லாத இரண்டு வயர்கள்தான். கனெக்டர் வாயில் தூசி போகாமல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டுங்கள். திரும்ப மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆகும்.